உன் பக்கத்தை நான் சொன்ன நாள்

என் அன்பான மச்சான் நல்லதம்பிக்கு,

நீ போய் மூன்று மாதம் முடிந்து நாலாவது நடக்கிறது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு உன் புகழ் பாடிக் கல்வெட்டுப் புத்தகம் அச்சடித்தபோது என்னிடமும் நாலு வரி கேட்டார்கள். எனக்குப் பாட்டுக் கட்ட வராது என்று சொல்லித் தப்பினேன். வராது என்பது உண்மைதான். வந்திருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன். ஊரே உன்னைப் புகழ்ந்துகொண்டு நிற்கும்போது நானும் போய் வரிசையின் கடைசியில் நிற்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போது வாசிகசாலைக்காரர் தங்கள் கையெழுத்துப் பத்திரிகைக்கு உன்னைப்பற்றி ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். இந்த முறை ஓம் என்றுவிட்டேன். அவர்கள் எதிர்பார்ப்பது ஒன்று, நான் எழுதப்போவது வேறொன்று. உனக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் குறிச்சிச் சனமும் அதைக் கேட்டுவிட்டுப் போகட்டும்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். எனக்கு உன்மேல் பொறாமை. நீ உயிரோடு இருந்தபோதும் இருந்தது. செத்தால் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன், தீரவில்லை. செத்துப்போன மனுஷனைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவன் இந்த யாழ்ப்பாணம் முழுவதிலும் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

உன் தங்கையைக் கட்டிய நாளில் தொடங்கியது இது. பாக்கியம் கணவாய்க் கறி வைத்தால் முதல் கோப்பை, இரண்டு வளவுக்கும் நடுவில் புகுந்து போக விட்ட வேலிப் பொட்டுக்குள்ளால் உன் வீட்டுக்குப் போகும். அதன் பிறகுதான் எனக்கு. மழை வரும் என்று நான் வானத்தைப் பார்த்துச் சொன்னால், "அண்ணை என்ன சொன்னவர்?" என்று கேட்பாள். என் முற்றத்தில் பெய்யப்போகிற மழைக்குக்கூட உன் கையெழுத்து வேண்டியிருந்தது.

கறியையும் மழையையும் விடு. என்னை உண்மையில் வாட்டியது கிணற்றடிதான்.

வெளியூரார் யாராவது இதை வாசித்தால் அவர்களுக்கும் விளங்க வேண்டும், நீ பொறுத்துக்கொள். அரியாலைக்குக் கிழக்கே எங்கள் தோட்டக் காணி. ஒன்பது பங்குக்காரர், ஒரு கிணறு, ஏற்றம் இறைக்க ஒரு துலா. ஒருவன் துலாவின்மேல் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, மற்றவன் கீழே நின்று பட்டையைப் பிடித்துத் தண்ணீரை ஊற்றுவான். கிணற்றடியில் நின்றால் பரவைக் கடல் தெரியும். ஒரு சுருட்டுப் பிடித்து முடிவதற்குள் அங்கே நடந்து போய்விடலாம். கிணற்றில் மேலே நிற்பது நல்ல தண்ணீர், அதற்குக் கீழே உப்பு. அளவோடு இறைத்தால் நல்லது மட்டும் வரும். அவசரப்பட்டு இறைத்தால் கீழே கிடப்பது மேலே வந்துவிடும். அந்தத் தண்ணீரில்தான் ஒன்பது பேரும் முறை வைத்துப் புகையிலை வளர்க்கிறோம்.

உலகச் சண்டைக்கு முந்திய காலம். முறை நாள் ஒன்று தவறிப்போய், பங்குக்காரரில் மூத்தவரான சின்னப்பு அண்ணையும் வாய்க்காரத் தம்பிமுத்துவும் மண்வெட்டியைத் தூக்கினார்கள். நீ மலாயாவில் நிலம் அளக்கிற சேர்வே கந்தோர் வேலையை விட்டு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அந்த வெள்ளை வேட்டியோடு நடுவில் புகுந்து, இரண்டு பேரையும் வயிரவர் கோயிலடிக்குக் கூட்டிக்கொண்டு போனாய். நாங்கள் மற்றவர்கள் வேடிக்கை பார்க்கப் பின்னால் வந்தோம்.

"ரண்டு பேரும் தங்கடை பக்கத்தைச் சொல்லப்படாது," என்றாய். "அண்ணை, நீங்கள் தம்பிமுத்துவின்ரை பக்கத்தைச் சொல்லுங்கோ. தம்பிமுத்து, நீ அண்ணையின்ரை பக்கத்தைச் சொல்லு. கேக்கிறவர் 'ஓம், அதுதான்' எண்டு சொல்லுமட்டும் நான் ஒருத்தரையும் எழும்ப விடமாட்டன்."

"இதென்ன கூத்து?" என்றார் சின்னப்பு அண்ணை.

"கூத்துத்தான் அண்ணை. ஒருக்கா ஆடிப் பாருங்கோ."

அவர் ஆடினார். முதலில் தம்பிமுத்துவை நக்கலடித்துச் சொன்னார், அவன் "இல்லை" என்றான். பிறகு கோபத்தோடு சொன்னார், அதற்கும் "இல்லை" என்றான். பொழுது சாயும் நேரம், அண்ணையின் குரல் இறங்கி, "பெண்சாதி பிள்ளைப்பெத்துக் கிடக்கிறாள், முறை நாளிலை அவளை விட்டிட்டு வர ஏலாமல் போச்சு, அடுத்த நாள் வந்தால் தண்ணி இல்லை எண்டுறாங்கள்," என்று சொல்லி முடித்தார். தம்பிமுத்து தலையைக் குனிந்துகொண்டு "ஓம், அதுதான்" என்றான். மண்வெட்டிகள் இரண்டும் வேலியோரம் கிடந்தன. ஒருவரும் அவற்றைத் தேடவில்லை.

அடுத்த வருஷம் அது ஒழுங்காகிவிட்டது. தைப்பொங்கல் கழிந்து வரும் முதல் ஞாயிறு, ஒன்பது பங்கும் கோயிலடியில் கூடும். முதலில் கிணற்றுத் தண்ணீரை ஒரே செம்பில் எடுத்து எல்லோரும் ஒரு வாய் குடிப்போம். குடித்து முடியும்வரை கதை இல்லை. பிறகு இளையவனில் தொடங்கி ஒவ்வொருவராக நல்ல தண்ணீரா, உப்புத் தட்டிய சவரா என்று சொல்ல வேண்டும். மூத்தவர் முதலில் வாய் திறந்தால் மற்றவன் அதையே திருப்பிச் சொல்லுவான் என்று நீதான் அப்படி வைத்தாய். அதற்குப் பிறகு யாருக்கு என்ன வேண்டும், எதற்குப் பயம் என்று கேட்பது. அதற்குப் பிறகு மாறிச் சொல்வது. கடைசியில் தீர்ப்பு, அதுவும் அந்த ஒரு போகத்துக்கு மட்டும். அடுத்த தையில் திரும்பவும் முதலில் இருந்து. பழைய தீர்ப்பை மாற்றச் சொல்கிறவன் அந்தத் தீர்ப்பின் பக்கத்தைத் தானே சொல்லிக் காட்ட வேண்டும்.

இதில் 'ஒரு போகத்துக்கு மட்டும்' என்பது யாருடைய வாயில் வந்தது? சொல்லு பார்ப்போம். வெயில் ஏறி எல்லோரும் களைத்துப்போன நேரத்தில், "உந்தக் கதையை நிப்பாட்டுங்கோ, ஒரு போகம் செய்து பாப்பம், பிழைச்சால் மாத்துவம்," என்று எரிச்சலில் சொன்னவன் நான். எனக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டியிருந்தது. நீ அதைப் பிடித்துக்கொண்டு, "மச்சான் சொன்னதுதான் சரி," என்றாய். அந்த 'மச்சான் சொன்னது' ஒரு வருஷத்துக்குள் காணாமல் போய்விட்டது. இன்றைக்கு மருதனார்மடத்துப் பக்கம் வரைக்கும் இதற்கு நல்லதம்பி ஒழுங்கு என்றுதான் பெயர். போன மாதம் அங்கேயிருந்து இரண்டு பேர் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

இனி என் முழங்கால் கதைக்கு வருகிறேன்.

சண்டை முடிந்து, கூப்பன் அரிசியோடு ஊர் இழுபட்டுக்கொண்டிருந்த காலம். ஒரு நாள் துலாவில் ஏறி மிதித்துக்கொண்டிருந்த நான் கால் தவறி விழுந்தேன். வாய்க்காலில் வழுக்கிவிட்டது என்று ஊருக்குச் சொன்னேன். துலாவிலிருந்து விழுந்தேன் என்று சொல்ல வெட்கம், பன்னிரண்டு வயதிலிருந்து ஏறின துலா. வீக்கம் வற்றியது, கால் மட்டும் முந்தி மாதிரி மடியவில்லை. தரையில் நடப்பேன், கிணற்றுக் கட்டில் நின்று பட்டை பிடித்து ஊற்றுவேன். மேலே ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிக்க முடியாது.

மகன் கொழும்பில் கந்தோர் உத்தியோகம், அவன் வரப்போவதில்லை. சண்டைக்குப் பிறகு கூலிக்கு மிதிக்கவும் ஆள் கிடைப்பதில்லை. எங்கள் ஒன்பது பேருக்குள் வழக்கம் உனக்குத் தெரியும்: உன் முறைக்கு நான் மிதிப்பேன், என் முறைக்கு நீ மிதிப்பாய். திருப்பி மிதிக்க முடியாதவன் எந்த முகத்தோடு போய் ஒருவனைக் கூப்பிடுவது?

அதனால்தான் இறைக்கிற மிசின் வாங்கினேன். வாங்கிக் கொட்டிலில் வைத்துவிட்டுப் போன வருஷத்துத் தை ஞாயிறன்று கோயிலடியில் எழும்பி நின்று, "காலம் மாறுது. ஊர் எல்லாம் மிசின் வருது. நாங்கள் மட்டும் ஏன் துலாவோடை மாயவேணும்?" என்று கேட்டேன். முழங்காலைப்பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

நீ எழும்பினாய். மிசின் வேண்டாம் என்றாய். சரி, ஒழுங்கின்படி உன் பக்கத்தை நான் சொன்னேன், மிசின் போட்டால் உப்பு ஏறிவிடும் என்று நீ பயப்படுகிறாய் என்று. நீ சிரித்துக்கொண்டே, "பாதிதான், பரவாயில்லை, ஓம், அதுதான்," என்றாய். பிறகு என் பக்கத்தைச் சொல்லத் தொடங்கினாய்.

"என்ரை மச்சானுக்குக் கால் ஏலாது," என்றாய். "துலாவிலை இருந்து விழுந்தவர். வாய்க்காலிலை எண்டு சொல்லிக்கொண்டு திரியிறார். மகன் வரமாட்டான். திருப்பி மிதிக்க ஏலாதபடியால் ஒருத்தரையும் கூப்பிட அவருக்கு மனம் வரேல்லை. மிசின் இல்லாட்டி அவர் புகையிலை நடமாட்டார், காணியைக் குத்தகைக்குக் குடுத்திட்டு வீட்டிலை குந்துவார். தோட்டத்துக்குப் போகாட்டி என்ரை மச்சான் ரண்டு வருசம் இருக்கமாட்டார். அவருக்கு உது மிசின் இல்லை, உயிர்."

எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள். எனக்கு உன்னை அடித்துக் கொல்ல வேண்டும் போல இருந்தது. விழுந்ததை நீ எப்படிக் கண்டுபிடித்தாய்? கேட்க நினைத்துக் கேட்காமலே விட்டேன், இனி யாரிடம் கேட்பது? உன்மேல் வந்த கோபத்தைவிட எனக்குள் வேறொன்று அரித்தது. என் பக்கத்தை என்னைவிட நீ நன்றாகச் சொல்லிவிட்டாய். எனக்கே என்மேல் இரக்கம் வந்தது. என் துன்பத்தைச் சொல்வதிலும் உனக்குத்தானா முதலிடம்?

"சொல்லுங்கோ," என்றார் சின்னப்பு அண்ணை. "அதுவோ?"

பொய் சொல்ல முடியவில்லை. "ஓம், அதுதான்," என்றேன்.

மிசின் அந்தப் போகத்துக்கு இல்லை என்று தீர்ப்பானது. கூடவே என் முறைக்குத் துலாவை நீ மிதிப்பதென்றும் ஆனது. அதையும் நீயே கேட்டு வாங்கிக்கொண்டாய். என் முறை நாளில் விடிய வெளிச்சம் வரமுன் கிணற்றடியில் நிற்பாய். நான் பட்டை பிடிப்பேன், பாக்கியம் பாத்தி பாத்தியாகத் தண்ணீரை மாற்றி விடுவாள், நீ மேலே நடப்பாய். உன் முறைக்கு நானும் ஏதாவது செய்கிறேன் என்றால், "உனக்கேன் உந்த யோசனை?" என்று சிரித்து மழுப்பிவிடுவாய். அந்தப் போகம் முழுவதும் உனக்கு ஒன்றும் திருப்பித் தர நீ என்னை விடவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை, மச்சான். இதை நான் உன்னிடம் சொன்னதில்லை.

புகையிலை அந்த வருஷம் ஒரு இலை என் கை நீளத்துக்கு வந்தது. வேலிக்கு வெளியே போகிறவர்கள் நின்று, "நல்லதம்பி மிதிச்ச தோட்டம் எண்டால் சும்மாவோ," என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கன்று வைத்தவன் நான், எரு போட்டவன் நான், முனை முறித்தவன் நான். நீ மிதித்தாய், அதுவே கணக்கில் எடுபட்டது.

ஒரு நாள் விடியற்காலை துலாவில் நடந்துகொண்டே நீ என்னோடு கதைத்தாய். நினைவிருக்கிறதா? நான் கோபத்தில் பட்டையை ஊற்றிக்கொண்டிருந்தேன். நீ சொன்னது ஒவ்வொரு சொல்லும் எனக்குள் போய் இருந்துவிட்டது. அதுதான் இந்த வருஷம் என்னை மாட்டிவிட்டது.

ஐப்பசி மழையோடு உனக்குக் காய்ச்சல் வந்தது. எட்டு நாள் கிடந்தாய். நான் ஒவ்வொரு நாளும் வந்து படுக்கையோரம் இருந்தேன், உனக்கு நினைவு தெளிவாக இருந்ததோ தெரியாது. செத்தவீட்டுக்கு வந்த சனம் தெரு முடக்குவரைக்கும் நின்றது. பாக்கியம் தலைவிரி கோலமாக விழுந்து அழுதாள். நான் அவளைத் தூக்கப் போனேன், போன இடத்தில் எனக்கு வந்த நினைப்பு என்ன தெரியுமா? நான் செத்தால் இவள் இப்படி அழுவாளா என்பதுதான். அந்த நேரத்திலும் அதுதான் வந்தது. என்ன மனுஷன் நான்?

இனி இந்த வருஷத்துச் செய்தி.

போன ஞாயிறு கூடினோம். உன் பங்குக்கு உன் பெண்சாதி வர வேண்டும். செத்தவீட்டுத் துக்கம் இன்னும் ஆறவில்லை, தான் வரவில்லை என்று சொல்லி அனுப்பினாள். கூடவே இன்னொன்றும் சொல்லி அனுப்பியிருந்தாள்: "அவருக்குப் பதிலாய்ப் பாக்கியம் மச்சாள் இருக்கட்டும். அவர் என்ன சொல்லுவார் எண்டு அவவுக்குத் தெரியும்." இப்படித்தான் என் வீட்டுக்காரி உன் இடத்தில் போய் இருந்தாள். அவள் செம்பில் குடித்து "நல்ல தண்ணி" என்றாள். ஒன்பது பேரும் நல்ல தண்ணீர் என்றோம்.

மிசினுக்கு இந்தப் போகமாவது விட வேண்டும் என்று நான் கேட்டேன். என் புகையிலைக் கன்று ஏற்கெனவே மண்ணில் நிற்கிறது. மிதிக்க ஆளில்லை. இது நடக்காவிட்டால் மாசி வெயிலில் கன்று கருகும், காணி குத்தகைக்குப் போகும், நீ சொன்னபடி நான் வீட்டில் குந்துவேன்.

ஒழுங்கின்படி என் பக்கத்தை உன் இடத்தில் இருந்தவள் சொல்ல வேண்டும், பெண்சாதியே புருஷன் பக்கத்தைச் சொல்வது சரிவராது என்று அதற்குத் தம்பிமுத்து எழும்பினான். நல்லவன், வாய்தான் பெரிது. "மிசின் எண்டால் கெதியிலை இறைச்சு முடியும், ஆளுக்கும் அலைச்சல் இல்லை, எல்லாருக்கும் நேரம் மிச்சம். அதுதான் அண்ணை சொல்லுறார்," என்றான். அவ்வளவுதான். முழங்கால் இல்லை. மகன் இல்லை. மிதிக்க ஆளில்லாமல் போனது இல்லை. போன வருஷம் நீ சொன்னது அவனுக்கு மறந்திருக்காது. உன் செத்தவீடு கழிந்த இத்தனை கிட்டத்தில் அதைச் சொல்லி என்னை நோகப்பண்ணக் கூடாதென்று விட்டிருப்பான்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? "இல்லை, அது இல்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். அதுதானே ஒழுங்கு. அவன் திரும்பத் திரும்பச் சொல்லி, கடைசியில் காலுக்கு வந்திருப்பான். ஆனால் இரண்டாம் முறையும் எட்டுப் பேர் என் காலைப் பார்ப்பதை நினைத்தேன். உடனே, அவன் வாய் மூடமுன்னே, "ஓம், அதுதான்," என்றேன். பாக்கியம் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பழைய தீர்ப்பை மாற்றக் கேட்டவன் நான், ஆகவே அடுத்ததாக நான் உன் பக்கத்தைச் சொல்ல வேண்டும்.

"கீழை உப்பு இருக்கு. மிசின் இழுத்தால் அது மேலை வரும். அதுதான் நல்லதம்பி சொன்னது," என்றேன்.

"இல்லை," என்றாள் பாக்கியம்.

எல்லோர் முன்னாலும் கட்டின புருஷனைப் பார்த்து இல்லை என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஒருத்தனிட்டை மிசின் இருந்தால் அவன் மற்ற எட்டுப் பேரின்ரை தண்ணியையும் இழுத்துப்போடுவான். அது நீதி இல்லை எண்டு சொன்னவர்," என்றேன்.

"அதுவும் இல்லை," என்றாள். "அண்ணை உங்களை அப்பிடி நினைச்சதில்லை."

நீ துலாவில் நடந்துகொண்டு சொன்னது தொண்டைவரை வந்து நின்றது. அதைச் சொன்னால் தோற்பேன் என்று தெரியும். சொல்லாமல் விட்டால் எழும்ப முடியாது. ஆனால் மச்சான், உண்மையைச் சொல்கிறேன், நான் அதைச் சொன்னதற்கு ஒழுங்கு மட்டும் காரணமில்லை. நீ கடைசியாக என்னிடம் விட்டுப்போனது இந்தக் குறிச்சியில் வேறு ஒருவரிடமும் இல்லை. உன்னைப்பற்றி எல்லோருக்கும் எல்லாம் தெரியும், இது எனக்கு மட்டும்தான் தெரியும். அதைக் காட்ட வேண்டும் என்று ஒரு ஆசை வந்துவிட்டது.

"நல்லதம்பி சொன்னவன்," என்று தொடங்கினேன். "துலா மிதிக்கிறவன் களைச்சு நிப்பான். அவன் நிக்கேக்கை கிணறும் கொஞ்சம் ஊறும். மிசின் களையாது, கிணறு ஊற நேரம் கிடையாது. அது ஒண்டு. மற்றது, துலாவுக்கு ஆள் வேணும். ஆள் வேணும் எண்டபடியால் ஒருத்தன் வாசலுக்கு ஒருத்தன் போறான். போற இடத்திலை தண்ணி எப்பிடி, பயிர் எப்பிடி எண்டு கதை வரும். சவர் தட்டினால் அண்டைக்கே ஒன்பது பேருக்கும் தெரியும். மிசின் வந்தால் ஒருத்தனுக்கும் ஒருத்தன் தேவையில்லை. தன்ரை பாத்தி கருகுமட்டும் ஒருத்தனும் வாய் திறக்கமாட்டான். பிறகு தையிலை வந்து இந்தக் கோயிலடியிலை இருக்கவும் ஆள் இராது. உப்புக்கு நான் பயப்பிடேல்லை மச்சான், உதுக்குத்தான் பயப்பிடுறன் எண்டவன்."

கடைசி வரி உன் குரலில் வந்துவிட்டது. நான் வேண்டுமென்று செய்யவில்லை. சின்னப்பு அண்ணை மேல்சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்தார். "அப்பிடியே அவன்தான்," என்று யாரோ பின்னால் சொன்னார்கள். பாக்கியம் அழுதுகொண்டு, "ஓம், அதுதான்," என்றாள்.

பிறகென்ன? நான் நன்றாகச் சொன்ன உன் பக்கம் ஒருபுறம், தம்பிமுத்து அரைகுறையாகச் சொல்லி நான் ஓம் என்ற என் பக்கம் மறுபுறம். "இந்தப் போகமும் மிசின் இல்லை, வாற தையிலை பாப்பம்," என்றார் சின்னப்பு அண்ணை. நானே கை தூக்கி அதை ஏற்றுக்கொண்டேன். செத்தவனிடம் தோற்றவன் இருக்கலாம். தன் வாயாலே செத்தவனை வெல்லவைத்தவன் இருக்கிறானா?

வீட்டுக்கு வந்து வாசற் படலையைத் திறக்கும்போதுதான் பாக்கியம் கேட்டாள்.

"உங்கடை பக்கத்தை ஏன் அப்பிடி விட்டனீங்கள்?"

"தம்பிமுத்து சொன்னது சரிதானே."

"அது சரியில்லை எண்டு உங்களுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அங்கை நான் அண்ணையின்ரை இடத்திலை இருந்தனான், அதாலை வாய் திறக்க ஏலாமல் போச்சு." உள்ளே வந்து படலையைச் சாத்தினாள். "அண்ணை இருந்திருந்தால் உங்களுக்காகச் சொல்லியிருப்பார்."

மச்சான், அந்த இடத்தில் எனக்கு வழக்கமான எரிச்சல் வந்தது. வந்து, நடுவழியில் நின்றுவிட்டது. அவள் சொன்னது உண்மை. இத்தனை வருஷமும் நீ என் இடத்தைப் பிடித்துக்கொண்டாய் என்று நினைத்து எரிந்தேன். என் பக்கத்தை முழுவதும் தெரிந்த ஆள் இந்த உலகத்தில் நீ ஒருவன்தான் இருந்தாய். இப்போது கோயிலடியில் எனக்காகக் கதைக்க ஒருவரும் இல்லை. எனக்கு நீ வேண்டும், மச்சான். இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

பத்திரிகை நாளை மறுநாள்தான் வாசிகசாலை மேசைக்கு வரும். தம்பிமுத்துதான் எப்போதும் முதல் ஆளாகப் போய் வாசிக்கிறவன். அதற்கு முன்பே, நாளை விடிய, இறைக்க என் முறை. அதனால் இதை முடித்து மடித்து வைத்துவிட்டு, பொழுது படமுன்னே அவன் வாசலுக்குப் போகப்போகிறேன். துலாவிலிருந்து விழுந்ததைச் சொல்வேன். மகன் வரமாட்டான் என்பதைச் சொல்வேன். நீ சொன்ன மாதிரி எனக்கு வராது, இடையில் தட்டுப்படும், ஆனாலும் அவன் "ஓம், அதுதான்" என்று சொல்லும்வரைக்கும் எழும்ப மாட்டேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

இன்னொன்றும் அவனிடம் சொல்லப்போகிறேன். என் முறைக்கு அவன் மிதிக்கட்டும், அவன் முறைக்கு நான் பட்டை பிடிக்கிறேன். அவனுக்குத் தோளில் பிடிப்பு, பட்டை பிடிக்க ஆள் தேடுகிறான் என்று எனக்குத் தெரியும். கால் ஏலாதவனுக்கும் கை இருக்கிறது. இது உனக்கு வரவில்லை, பார்த்தாயா? ஒரு போகம் முழுவதும் என் முறைக்குத் துலாவில் நடந்தும் உனக்கு இது வரவில்லை. இது முழுக்க முழுக்க என் யோசனை, ஒழுங்கில் சேர்த்தால் என் பெயரில்தான் சேர்க்க வேண்டும். உன்னை ஒரு விஷயத்தில் வென்றுவிட்டேன். அதைச் சொல்லிக் காட்ட வேலிப் பொட்டுவரைக்கும் எழும்பிப் போய்விட்டுத்தான் திரும்பி வந்து இந்த வரியை எழுதுகிறேன்.

உன் தங்கையைக் கட்டியவன்,
உன் மச்சான் வேலுப்பிள்ளை